ஓவியக்கூடத்தில் உரையாடல் நடத்த முன்வருபவர்களுக்கு

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஓவியக்கூடத்தில், ஓவியர் அல்லது சிற்பி ஒருவரையும் வேறு துறையைச் சேர்ந்த சிந்தனையாளர் ஒருவரையும் படைப்புகளுக்கு நடுவே அமர்த்திப் பேசவைக்கும் உரையாடல் தொடரை ஒரு கல்வியாண்டு முழுவதும் நான் தனியாக நடத்தினேன். மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம் வாங்கும் கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டு, ஏறத்தாழ 1,40,000 ரூபாயைக் கைக்காசாகப் போட்டேன். அதில் 52,000 ரூபாய் மட்டுமே இதுவரை திரும்பி வந்திருக்கிறது. பணத்தைவிட அதிகமாக என்னை வருத்துவது, பதிவான பேச்சில் ஒரு பகுதி இன்றும் வெளியிட முடியாமல் முடங்கிக் கிடப்பதுதான். கலைக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இப்படி ஒரு தொடரைத் தொடங்க நினைக்கும் இளம் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள் என்று அறிவேன். எனக்கு யாரும் சொல்லாதவற்றை அவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

இந்த வேலையை ஏன் எடுத்துக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கரும் அங்கே முதல்வர்களாக இருந்த காலத்தில் உருவான தலைமுறையையே சென்னைக் கலை இயக்கம் என்று சொல்கிறோம். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். அந்தத் தலைமுறையினர் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சிற்பி தனபால் 2000இல் மறைந்தார். ஆதிமூலம் 2008இல், சந்தானராஜ் 2009இல், நந்தகோபால் 2017இல், அச்சுதன் கூடல்லூர் 2022இல். கோட்டோவியங்களில் தனக்கென ஒரு கனவுலகத்தையே எழுப்பிய ராமானுஜம் 1973லேயே இளம் வயதில் இறந்துவிட்டார். அமெரிக்கக் கலை ஆவணக்காப்பகம் 1958 முதல் ஓவியர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்துவருகிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் கலைஞர் வாழ்க்கைப் பதிவுகள் 1990இல் தொடங்கின. நம் நாட்டிலேயே பரோடா நுண்கலைப் பள்ளியைச் சேர்ந்த கே.ஜி. சுப்ரமணியன், குலாம் முகம்மது ஷேக், ஜோதி பட் ஆகியோரின் தாள்களையும் புகைப்படங்களையும் ஹாங்காங்கின் ஆசியக் கலை ஆவணக்காப்பகம் மின்வடிவில் தொகுத்து வைத்திருக்கிறது. என் மாணவர் ஒருவர் சென்னைச் சிற்பி ஒருவரைப் பற்றித் தமிழில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது ஒரு கண்காட்சிக் கையேட்டின் இரண்டு பத்தி வாழ்க்கைக் குறிப்பு. அவர் எப்படிப் பேசுவார், எதைக் கேட்டால் முகம் மாறும், எந்த ஊர்த் தமிழில் தன் உளியைப் பற்றிச் சொல்வார் என்பதெல்லாம் அவரோடு போய்விடுகின்றன. அந்த இழப்பை நினைத்துத்தான் இறங்கினேன். இன்றும் அந்த நினைப்பில் எனக்கு மாற்றம் இல்லை.

முதல் சோதனை கோப்பிலிருந்து வந்தது. தொடரைப் பற்றி நான் எழுதிய முன்மொழிவைத் துறையில் எல்லோரும் பாராட்டினார்கள். நீங்கள் நடத்துங்கள், செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாய்மொழியாக உறுதியும் கிடைத்தது. அந்த உறுதியைச் சொன்னவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் கணக்குப் பிரிவுக்கு வாய்மொழி என்று ஒன்று கிடையாது. நிகழ்ச்சிக்கு அனுமதி தரும் நிர்வாக ஒப்புதல் வேறு, செலவை எந்த ஒதுக்கீட்டில் எழுதுவது என்று காட்டும் நிதி ஒப்புதல் வேறு. இரண்டாவதன் தேதிக்கு முன்னால் செய்த செலவு எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் தணிக்கையில் நிற்காது. முதல் மூன்று உரையாடல்களின் செலவு முழுவதும் அந்தத் தேதிக்கு முன்னால் விழுந்துவிட்டதால் திரும்பவே இல்லை. ஆகவே, ஒப்புதல் ஆணையின் நகல் கைக்கு வரும்வரை அழைப்பிதழ்கூட அச்சடிக்க வேண்டாம். ஒலிபெருக்கி, வீடியோ, அச்சு என ஒவ்வொன்றுக்கும் மூன்று விலைப்புள்ளிகள் வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். பேச வருபவருக்கான மதிப்பூதியம் வங்கிக் கணக்குக்கே போகும் என்பதால், அவருடைய பான் அட்டை நகலும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலும் முன்கூட்டியே தேவைப்படும். எண்பது வயதைக் கடந்த ஒரு சிற்பியிடம் நிகழ்ச்சி முடிந்த மறுவாரம் போய் அதைக் கேட்டு நின்றபோது எனக்குக் கூசியது. அவர் பெட்டி பெட்டியாகத் தேடியதைப் பார்க்க அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அழைக்கப் போகும் முதல் நாளிலேயே வீட்டில் உள்ள இளையவர் யாரிடமாவது சொல்லி வாங்கிக்கொள்வது நல்லது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஜனவரிக்குப் பிறகு நடக்கும் உரையாடல்களின் பில்களை நிகழ்ச்சி நடந்த வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். ஏப்ரல் பிறந்தால் பழைய ஒதுக்கீடு காலாவதியாகி, கோப்பு முதற்படியிலிருந்து மறுபடி ஏற வேண்டியிருக்கும்.

அழைப்பைப் பொறுத்தவரை, தொலைபேசியில் ஒப்புக்கொண்டவரை அத்துடன் விட்டுவிடாதீர்கள். குறைந்தது ஒருமுறை வீட்டுக்கோ பட்டறைக்கோ போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். அந்தச் சந்திப்பில் நான் கற்றவை பல: ஒருவருக்கு இடது காது கேட்காது, ஆகவே உடன் பேசுபவர் வலப்பக்கம் அமர வேண்டும்; ஒருவர் மாலை ஐந்து மணிக்கு மேல் களைத்துவிடுவார்; ஒருவருக்கு மாடிப்படி ஏற முடியாது. எங்கள் கூடம் முதல் தளத்தில் இருக்கிறது, மின்தூக்கி கிடையாது. அந்த ஒருவருக்காகத் தரைத்தளத்தின் ஒரு வகுப்பறையைக் காலிசெய்து, அவருடைய ஓவியங்களில் நான்கை மட்டும் கீழே இறக்கி மாட்டினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து நகருக்குள் மாலை நேரத்தில் வருவது முதியவர்களுக்குப் பெருந்துன்பம். அதனால் பிற்பாடு எல்லா உரையாடல்களையும் காலை பத்தரை மணிக்கு மாற்றினேன். மாணவர்கள் கூட்டம் சற்றுக் குறைந்தது உண்மைதான். ஆனால் பேசியவர்களின் குரலில் தெம்பு இருந்தது. போகவர வாடகைக் காருக்கு ஒவ்வொரு முறையும் 2,500 ரூபாய் ஆனது. இதைப் பயணப்படியில் கேட்டால், பேருந்துக் கட்டண அளவுக்குத்தான் விதி இடம் தருகிறது என்ற பதில் வரக்கூடும். ஆகவே முன்மொழிவிலேயே, முதியவர்களை அழைத்துவர வாடகை வண்டி என்று தனி வரியாக எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

அழைப்பிதழில் பெயர் போட்டுவிட்டால் இருவரும் தாமாகப் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கலையைப் பற்றிச் சிந்திப்பவர்களுக்கு ஒரு மொழி இருக்கிறது, கையால் வேலை செய்பவர்களுக்கு வேறொரு மொழி இருக்கிறது. இரண்டும் சந்திப்பதற்கு நடுவில் ஒரு பொருள் வேண்டும். ஓர் உரையாடலில் தத்துவப் பேராசிரியர் ஒருவர், வடிவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அழகாகவே பேசினார். ஆனால் நாற்பது நிமிடம் பேசினார். பக்கத்தில் இருந்த உலோகச் சிற்பி கைகளை மடியில் வைத்துக்கொண்டு மௌனமாகிவிட்டார். உங்கள் சிற்பத்தில் மரபு எந்த இடத்தைப் பெறுகிறது என்று கேட்டபோது, இருக்கிறது என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அப்போது எங்கள் பட்டறை உதவியாளர் உள்ளே போய் ஒரு செப்புத் தகட்டையும் சுத்தியலையும் எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். அது யாரும் திட்டமிட்டதில்லை. சிற்பி தகட்டை எடுத்து வளைத்துப் பார்த்தார். இது எந்தக் கனம், இதைச் சூடேற்றி ஆறவிட்டால் எப்படி இளகும், அடிக்க அடிக்க எப்படி மறுபடி விறைத்துக்கொள்ளும் என்று பேசத் தொடங்கினார். சென்னைச் சிற்பிகள் பலர், ஜானகிராம் போன்றவர்கள், தகட்டை அடித்தும் பற்றவைத்தும் முன்பக்கத்திலிருந்து மட்டுமே பார்க்கும்படியான உருவங்களைச் செய்தது ஏன் என்ற கேள்விக்கு, மாணவர்கள் அதுவரை நூல்களில் படித்திருந்த பதில் கோயில் கவசங்களின் தாக்கம் என்பது. அவர் அதை மறுக்கவில்லை. ஆனால் வார்ப்புக்கு வேண்டிய வெண்கலமும் உலையும் தங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாத காலத்தில் தகடுதான் கைக்கு எட்டியது என்றும், கைக்கு எட்டியதைக் கொண்டு வேலை செய்யும்போது கவசம் செய்பவரின் கண் தானாக வந்து சேர்ந்தது என்றும் தன் அனுபவத்தைச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் தத்துவப் பேராசிரியர் உண்மையிலேயே கேள்வி கேட்க ஆரம்பித்தார். அந்த முக்கால் மணி நேரம் தொடர் முழுவதிலும் மிகச் சிறந்த பகுதி என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு ஒவ்வோர் உரையாடலுக்கும் மேசையில் ஒரு பொருளை வைத்தேன்: பழைய நிறக்குழம்புக் குப்பி, மாணவப் பருவத்துக் கோட்டோவியக் குறிப்பேடு, மெழுகுச் சாயத் துணி. அந்தத் துணி ஒரு பெரிய உலகத்தையே திறந்துவிட்டது. சோழமண்டலத்தில் கலைஞர்கள் பாத்திக் எனப்படும் மெழுகுச் சாயத் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற வருமானத்தில்தான் நிலத்தையும் வீடுகளையும் உண்டாக்கினார்கள் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. ஆனால் ஒரு ஓவியர் நாளில் எத்தனை நேரம் துணிக்கு, எத்தனை நேரம் தன் கித்தானுக்கு என்று எப்படிப் பிரித்துக்கொள்வார், துணியில் பழகிய கோடு கித்தானில் எப்படிக் குறுக்கிட்டது என்பதை அந்தத் துணியைத் தடவிக்கொண்டே ஒருவர் சொன்னதைக் கேட்டது வேறு விதமான அறிவு. சிந்தனையாளரைத் தேர்வு செய்வதிலும் இதே கவனம் வேண்டும். பெரிய பெயருக்காகத் தேடாமல், அந்தக் கலைஞரின் கைவேலையோடு தொடும் துறையைத் தேடுங்கள். பணிக்கர் 1963 முதல் வரைந்த சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையில் எழுத்துப்போலத் தோன்றி வாசிக்க முடியாத வரிகளும் ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்களும் நிறைந்திருக்கும். அந்த வரிசையின் அச்சுப் பிரதி ஒன்றை நடுவில் வைத்து, ஒரு மூத்த ஓவியரையும் ஓலைச்சுவடிப் பதிப்பில் ஈடுபட்ட ஓர் ஆய்வாளரையும் பேசவைத்தேன். ஆய்வாளர் முதலில் வழக்கப்படி அதை வாசிக்கத்தான் முயன்றார். முடியாமல் போனதும், சுவடியில் எழுத்தாணி ஓடும் வேகத்தையும் வரிகளுக்கு இடையே விடும் வெளியையும் கொண்டு அந்தப் படத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஓவியருக்கு அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இருவரும் எங்களை மறந்துவிட்டுப் பேசினார்கள். பார்வையாளர் கேள்வி நேரத்தை அன்று நான் ரத்து செய்தேன், அதற்காகச் சிலர் கோபித்துக்கொண்டார்கள். நடத்துபவருக்கு அந்த அதிகாரம் வேண்டும், தயங்காமல் பயன்படுத்தவும் வேண்டும்.

இவ்வளவும் பதிவானால்தான் பயன். ஓவியக்கூடம் பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட இடம். கேட்பதற்கு அது மிகவும் பொல்லாதது. வெற்றுச் சுவர், உயர்ந்த கூரை, வழவழப்பான தரை ஆகியவற்றில் பட்டு ஒவ்வொரு சொல்லும் இரண்டு மூன்றாகத் திரும்பி வரும். முதல் உரையாடலை வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியும் வீடியோக்காரரின் கேமராவும் பதிவு செய்தன. வீட்டுக்கு வந்து கேட்டபோது மின்விசிறிச் சத்தமும் எதிரொலியும்தான் மேலோங்கியிருந்தன. மூத்த ஓவியரின் மெல்லிய குரலில் மூன்றில் ஒரு பங்கு புரியவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருடைய குரல் அதற்குப் பிறகு மேலும் தளர்ந்துவிட்டது, அந்தப் பேச்சை மறுபடி பேசவைக்க முடியாது. இரண்டாம் உரையாடலுக்கு முன் 11,000 ரூபாய் கொடுத்து ஒரு கையடக்க ஒலிப்பதிவுக் கருவியும் இரண்டு காலர் மைக்குகளும் வாங்கினேன். தொடரில் நான் செய்த செலவுகளில் நெஞ்சார நியாயப்படுத்தக்கூடியது இதுதான். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலியை நம்பாமல், பேசுபவரின் நெஞ்சருகே உள்ள மைக்கிலிருந்து நேரே கருவிக்குப் பதிவாக வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி இடம் பிடிக்கும். இன்றைய நினைவட்டைகளுக்கு அது ஒன்றுமே இல்லை. தரையில் கனமான ஜமக்காளங்களை விரித்து, ஜன்னல்களுக்குத் திரை போட்டால் எதிரொலி வெகுவாகக் குறைகிறது. மின்விசிறியை நிறுத்தினால் சென்னையில் முக்கால் மணிதான் தாங்கும். ஆகவே முக்கால் மணிக்கு ஓர் இடைவேளை விட்டு மோர் கொடுத்தேன். பேசுபவர்களுக்கும் அது நல்லதாக இருந்தது.

வீடியோவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வீடியோக்காரர்கள் கல்யாண மண்டபத்து வெளிச்சத்தைக் கொண்டுவருவார்கள். தாளில் வரைந்த மைக்கோட்டோவியம், நீர்வண்ணம் போன்றவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளிச்செறிவின் அலகு) மேல் ஒளி படக் கூடாது என்பது அருங்காட்சியக நடைமுறை. எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் வரை அனுமதிக்கலாம். ஒரு சேகரிப்பாளரிடமிருந்து இரவல் வாங்கி மாட்டியிருந்த கோட்டோவியத்துக்கு நேராக ஒரு பெரிய விளக்கை நிறுத்தியதைப் பார்த்து நான் பதறிப்போனேன். விளக்கைத் திருப்பச் சொன்னதும் படம் இருட்டாக வரும் என்று வாக்குவாதம் எழுந்தது. படம் இருட்டாக வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள். முகங்களுக்கு மட்டும் பக்கவாட்டில் சிறு விளக்கு போதும். ஒரு நிகழ்ச்சிக்கு 12,000 ரூபாய் கேட்ட அந்த வீடியோக்காரருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பணம் போகத் தாமதமானதால், மூலக் கோப்புகளைத் தராமல் வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. நான் என் சம்பளத்திலிருந்து இரண்டு தவணையாகக் கொடுத்து மீட்டேன். அதற்குள் ஒரு நிகழ்ச்சியின் கோப்புகளை இடப்பற்றாக்குறையால் அழித்துவிட்டிருந்தார். நிகழ்ச்சி முடிந்து கேமராவைப் பையில் வைக்கும் முன் கோப்புகளை உங்கள் டிஸ்க்கில் நகலெடுத்துத் தர வேண்டும் என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பேச்சை எழுத்தாக்குவது அடுத்த மலை. ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டெழுதத் தேர்ந்தவருக்கே நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். தமிழும் ஆங்கிலமும் மலையாளமும் கலந்து, பாதி வாக்கியத்தில் நிறுத்திக் கையால் காட்டிப் பேசுபவர்களின் பேச்சுக்கு அதைவிட அதிகம் ஆனது. தானியங்கிச் செயலிகளையும் பயன்படுத்திப் பார்த்தேன். நேர்த்தியான மேடைத் தமிழை ஓரளவு பிடித்தன. பேச்சுவழக்கில் வரும் பெயர்களையும் கருவிகளின் பெயர்களையும் உருத்தெரியாமல் மாற்றின. ஒருவர் சொன்ன சுத்தியல் வகைகளின் பெயர்களைச் சரிபார்க்க நான் பட்டறைக்கே போக வேண்டியிருந்தது. ஒரு மாணவியைத் துணைக்கு அமர்த்தி, நிமிடத்துக்கு 15 ரூபாய் கொடுத்தேன். அவளுடைய உழைப்புக்கு அது குறைவு என்பது தெரிந்தும் அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுத்தாக்கத்தைத் திருத்தும்போது, பேச்சுத் தமிழை முழுக்க எழுத்துத் தமிழாக்க வேண்டாம் என்று பரிந்துரைக்கிறேன். வந்து போகும் அசைச்சொற்களை நீக்கலாம். ஆனால் ‘அடிச்சா வெறைச்சுக்கும்’ என்று சிற்பி சொன்னதை, தட்டும்போது உலோகம் கடினமாகும் என்று மாற்றினால் அங்கே சிற்பி இல்லை. திருத்திய படியைப் பேசியவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கண் மங்கியவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அந்த வாசிப்பின்போதே பல புதிய செய்திகள் வந்தன, ஆகையால் அப்போதும் ஒலிப்பதிவுக் கருவி கையில் இருக்கட்டும்.

என்னை மிகவும் உலுக்கிய இடத்துக்கு வருகிறேன். ஐந்து உரையாடல்களைத் தொகுத்து ஒரு சிறு நூலாக 300 படிகள் அச்சிட்டோம். அதற்கு என் கையிலிருந்து 46,000 ரூபாய் போனது. அச்சு முடிந்து கட்டுகள் வந்திறங்கிய வாரத்தில், தொடரில் பேசிய ஒரு மூத்தவர் காலமானார். அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒருவர் நூலை வரவேற்றார். இன்னொருவர், அப்பா தன் சக கலைஞர் ஒருவரைப் பற்றிச் சொன்ன சில வார்த்தைகளால் குடும்பத்துக்குச் சங்கடம் வரும், நூல் வெளிவரக் கூடாது என்று எழுதி அனுப்பினார். துக்க வீட்டில் வழக்குப் பேச எனக்கு மனம் இல்லை. அதோடு, கையில் இருந்தது பெரியவர் தலையசைத்துச் சொன்ன சம்மதம் மட்டுமே. வழக்கறிஞரான நண்பர் ஒருவர் அதன் பிறகுதான் விளக்கினார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஆற்றிய உரையின் உரிமை உரையாற்றியவருக்கே உரியது; ஏற்பாடு செய்தவருக்கோ இடம் கொடுத்த நிறுவனத்துக்கோ அல்ல. அவர் மறைந்த பிறகு அந்த உரிமை 60 ஆண்டுகள் வாரிசுகளிடம் இருக்கும். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது.

ஆகவே, பேச்சு தொடங்கும் முன் ஒரு பக்கத்தில், எளிய தமிழில், ஓர் ஒப்புதல் கடிதம் கையெழுத்தாக வேண்டும். ஒலியையும் காட்சியையும் பதிவு செய்யலாம்; எழுத்தாக்கி அச்சிலும் இணையத்திலும் வெளியிடலாம்; நூலகத்தில் ஆய்வாளர்களுக்குத் தரலாம்; வெளியிடும் முன் திருத்திய படியை எனக்குக் காட்ட வேண்டும்; நான் நீக்கச் சொல்லும் பகுதியை நீக்க வேண்டும்; எனக்குப் பின் இதைப் பற்றிப் பேச வேண்டியவர் இன்னார். இந்தக் கடைசி வரிதான் மிக முக்கியம், குடும்பத்தில் ஒருவரைப் பெரியவரே நியமித்துவிட்டால் பிற்பாடு பேசுவதற்கு ஓர் இடம் இருக்கும். இரண்டு பிரதிகள் எடுத்து ஒன்றை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கையெழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவோ என்று தயங்குபவர்களுக்குச் சொல்கிறேன்: அதன் பிறகு நான் கேட்ட ஒவ்வொரு கலைஞரும், தன் பேச்சை ஒருவர் இவ்வளவு பொறுப்போடு எடுத்துக்கொள்கிறாரே என்று மகிழ்ந்தார்கள். படைப்புகளின் புகைப்படங்களுக்கும் தனியாக அனுமதி வேண்டும். ஓவியத்தை விலைகொடுத்து வாங்கியவர் அந்தக் கித்தானுக்குத்தான் சொந்தக்காரர். எழுத்து மூலம் மாற்றித் தரப்படாத வரை, அதைப் படியெடுத்து அச்சிடும் உரிமை பொதுவாக ஓவியரிடமே இருக்கிறது. சேகரிப்பாளரின் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அச்சிடுவது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது, அது போதாது.

பதிவுகளைக் காப்பதற்கு ஆவணக்காப்பாளர்கள் சொல்லும் ஒரு வழக்கம் உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று வேறு கட்டடத்தில். நான் இதைப் பின்பற்றத் தொடங்கிய சில மாதங்களில் துறையின் கணினி ஒன்று மழைநீர் புகுந்து பழுதானது. மற்ற இரண்டு பிரதிகள் இருந்ததால் எதுவும் போகவில்லை. கோப்புகளுக்குப் பெயரிடும்போது தேதி, பேசியவர்கள் பெயர், பகுதி எண் மூன்றும் பெயரிலேயே இருக்கட்டும். கூடவே, பேச்சில் வரும் பெயர்கள், ஊர்கள், கருவிகள் எந்த நிமிடத்தில் வருகின்றன என்று ஒரு சிறு அட்டவணையும் எழுதிச் சேருங்கள். கௌரவ விரிவுரையாளர்களின் பணி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. அடுத்த ஆண்டு நான் அங்கே இல்லாமல் போனால் இந்தப் பதிவுகள் எங்கே போகும் என்ற கவலை எனக்கு நிரந்தரமாக இருந்தது. அதனால் பல்கலைக்கழக நூலகரைப் பலமுறை பார்த்து, ஒவ்வொரு பதிவுக்கும் நூலுக்குத் தருவது போலவே சேர்க்கை எண் வாங்கினேன். எண் விழுந்த பொருளைக் கணக்கெடுப்பில் காட்டியாக வேண்டும் என்பதால், யாரும் எளிதில் தூக்கிப் போட முடியாது. இதுவரை வாங்கிய ஒப்புதல் கடிதங்களின் நகல்களும் அதே உறையில் இருக்கின்றன.

அச்சிட்ட 300 படிகளும் இப்போது என் வீட்டு மேல்பரணில் இருக்கின்றன. மறைந்தவரின் குடும்பத்தில் மூத்த மகளிடம், அவர்கள் குறிப்பிட்ட பத்தியை நீக்கி மறுபடி அச்சிடலாமா என்று கடிதம் எழுதியிருக்கிறேன். அந்தப் பகுதிக்கான இரண்டு தாள்களை மட்டும் மாற்றி மறுபடி கட்டித்தர அச்சகம் 9,000 ரூபாய் கேட்கிறது. அவர்கள் சம்மதித்தால் அதற்கும் பணம் புரட்டிவிடுவேன். மற்ற நால்வரின் உரையாடல்களுக்குக் கையெழுத்து வாங்கும் வேலையை இந்த மாதம் தொடங்கியிருக்கிறேன். இருவர் கையெழுத்திட்டுவிட்டார்கள். மூன்றாமவர் படியை முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். அதற்காகக் கருவியை எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போகிறேன்.